சவலைப் பிள்ளையும் ஊர்த் தராசும்



இந்த மலரில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தொழில் என்று நம் குழுக்கள் கடந்து வந்த பாதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை இன்னொரு கணக்கைப் பற்றியது. அது நம் பிள்ளைகளின் உடம்புக் கணக்கு. நம் பாட்டிமார் காலத்தில் மெலிந்த பிள்ளையைப் பார்த்து ஊர் என்ன சொன்னது, பிறகு அந்தப் பேச்சு எப்படி மாறியது, அதில் நம்மைப் போன்ற சாதாரணப் பெண்கள் செய்த வேலை என்ன, இன்னும் மிச்சம் இருப்பது என்ன என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

"சவலை பாஞ்ச புள்ள"

சவலை என்ற சொல் நம்மில் பலருக்குத் தெரியும். கைப்பிள்ளை இருக்கும்போதே தாய் மறுபடியும் உண்டாகிவிடுவாள். பால் வற்றும். மூத்த பிள்ளை இளைக்கும், சிணுங்கும், இடுப்பை விட்டு இறங்காது. "புள்ள சவலை பாஞ்சிருச்சு" என்பார்கள். வேறு ஊர்களில் தோஷம் என்பார்கள், கண்ணேறு என்பார்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள். பிள்ளை தேறினால் சாமி புண்ணியம். போய்விட்டால் "நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்" என்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் நடவுக்குப் போனவர்கள் நம் பாட்டிமார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை மேல் அவர்களுக்குப் பாசம் குறைவா என்ன? ஒரே ஒரு விஷயம்தான் அவர்களுக்குத் தெரியாமல் போனது. ஒவ்வொரு வீடும் அதைத் தன் வீட்டு விதி என்று நினைத்தது. ஆனால் ஊரை மொத்தமாகப் பார்த்தால், சவலை பாய்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வீடுகளில்தான் இருந்தார்கள். கூலி கிடைத்த நாளில் மட்டும் உலை வைக்கும் வீடு. அடுத்தடுத்துப் பிரசவம் நடந்த வீடு. நல்ல தண்ணீர் வராத தெரு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்னும் தாய். இத்தனை வீட்டுக்கும் ஒரே மாதிரியா தலையெழுத்து எழுதியிருக்கும்? இது விதி இல்லை, சமுதாயத்தின் பிரச்சினை என்று புரிந்துகொள்ளவே நம் நாட்டுக்குப் பல ஆண்டுகள் ஆனது.

பள்ளிக்கூடத்தில் தொடங்கிய சோறு

பிள்ளையின் பசி அரசாங்கத்தின் கண்ணுக்கு முதலில் தெரிந்த இடம் பள்ளிக்கூடம். 1920-இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. பசித்த பிள்ளை படிக்க வராது என்பதுதான் காரணம்.

அடுத்த பெரிய அடி 1956-இல். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. அரசாங்கப் பணத்தோடு ஊராரும் பங்கு கொடுத்தார்கள். 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் கோதுமை ரவை, பால் பவுடர், எண்ணெய் கொடுத்து உதவியது. நம் கூட்டமைப்பில் வயதில் மூத்த அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக் கோதுமை உப்புமா வாசனையும் பால் பவுடர் ருசியும் இன்னும் நாக்கில் இருக்கிறது என்பார்கள்.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடக்க விழா. முதலில் கிராமப்புறத்தில் 2 வயது முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் 15 வயது வரைக்கும் விரிந்தது. தொடங்கியபோதே 60 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் சாப்பிட்டார்கள். இவ்வளவு பணம் எங்கே இருந்து வரும், இது ஓட்டுக்காகச் செய்வது என்று படித்தவர்கள் பலர் கேலி செய்தார்கள். ஆனால் திட்டம் நின்றது. ஆட்சி மாறியபோதும் யாரும் அதைக் கைவிடவில்லை. 1989-இல் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று ஏறி, 2010-இல் வாரத்துக்கு ஐந்து ஆனது.

இதில் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சத்துணவு மையங்களில் சமைக்கவும் பரிமாறவும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. "அறுத்தவ முகத்துல முழிக்கக் கூடாது" என்று ஒதுக்கிய ஊரிலேயே, அந்தப் பெண் கையால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இது சின்ன மாற்றம் இல்லை.

நம் மாநிலத்தில் நடந்ததை நாடும் பார்த்தது. 2001 நவம்பர் 28-ஆம் தேதி, உணவு உரிமை வழக்கில், நாட்டின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

பள்ளிக்கூடம் வராத பிள்ளை

ஆனால் இந்தச் சோறு எட்டாத ஒரு பிள்ளை வீட்டுக்குள் இருந்தது. அது பள்ளிக்கு வரும் வயது ஆகாத கைப்பிள்ளை.

பிள்ளையின் உடம்பும் மூளையும் வேகமாக வளர்வது தாய் வயிற்றில் இருக்கும் காலத்திலும் பிறந்த முதல் இரண்டு ஆண்டிலும். அப்போது விழுந்த குறையைப் பின்னால் எவ்வளவு சோறு போட்டாலும் முழுசாக நிரப்ப முடியாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் பால் மட்டும் போதாது, மேலாகாரம் வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் தாய் வேலைக்குத் திரும்புவாள். பிள்ளை ஏழு வயது அக்கா இடுப்பில் இருக்கும். கஞ்சித் தண்ணியும் வரக்காப்பியும்தான் ஆகாரம். தவழும் பிள்ளை மண்ணில் கிடந்ததை எடுத்து வாயில் போடும், வயிற்றுப்போக்கு வரும். "வயித்தால போகுது, ஒண்ணும் குடுக்காதே" என்று அந்தக் கொஞ்ச ஆகாரத்தையும் நிறுத்துவார்கள். இளைத்த உடம்பில் நோய் சீக்கிரம் ஒட்டும், நோய் ஒட்டிய உடம்பு மேலும் இளைக்கும். சவலை என்பது இப்படித்தான் வந்தது.

1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஊட்டச்சத்து பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அடி அதிகம் விழுவது பால் மறக்கும் வயதுப் பிள்ளைகள் மேல்தான் என்று அது காட்டியது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதும் 33 ஒன்றியங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்றைக்கு நம் தெருமுனையில் இருக்கும் அங்கன்வாடிக்கு அதுதான் வேர். ஆனால் அங்கேயும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டது நடக்கத் தெரிந்த பிள்ளைதான். வீட்டுக்குக் கொடுத்துவிட்ட மாவு வீட்டில் எல்லாருக்கும் பங்காகிப் போனது. பசித்த வீட்டில் பங்கு வைக்காமல் எப்படி இருப்பாள் ஒரு தாய்?

தராசு வந்தது

இந்த இடத்தில்தான் நம் மாநிலம் ஒரு புது வழியில் போனது. 1980-இல், உலக வங்கி உதவியோடு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் சோதனையாக எடுத்துக்கொண்ட ஒன்றியம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி. பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது.

இந்தத் திட்டத்துக்கு மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள்தான் குறி. ஒவ்வொரு மாதமும் எல்லாப் பிள்ளையையும் எடை போட வேண்டும். எடையை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு ஏறினால் நல்லது. ஏறாமல் படுத்துவிட்டாலோ, ஏற்கெனவே பிள்ளை மிகவும் மெலிந்திருந்தாலோ, அந்தப் பிள்ளைக்கு மட்டும் மையத்திலேயே சத்து உருண்டை. தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்துப் பிடித்தது. 90 நாள் கொடுப்பார்கள். அதற்குள் 500 கிராம் ஏறிவிட்டால் உருண்டை நிறுத்தப்படும். ஏறாவிட்டால் தொடரும், மருத்துவரிடமும் காட்டுவார்கள்.

இந்த வேலைக்கு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அதே ஊர்ப் பெண்ணை. கொஞ்சம் படித்திருக்க வேண்டும். ஏழையாக இருந்தாலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவளாக இருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். "காசு இருக்கிறவ வளத்துருவா, நமக்கு ஆகுமா?" என்று கேட்கும் தாய்க்கு அந்தப் பெண்ணின் வீட்டுப் பிள்ளையே பதில். வெளியூரில் இருந்து வந்த பெரிய டாக்டரை விட இந்தப் பதில் ஊருக்குள் எடுபட்டது.

எளிதாக நடந்துவிடவில்லை. பிள்ளையைத் தராசில் தூக்கிப் போட்டால் கண் பட்டுவிடும் என்று தாய்மார்கள் பயந்தார்கள். "அவ புள்ளைக்கு உருண்டை குடுக்குறே, எம் புள்ளைக்கு ஏன் இல்ல?" என்று சண்டை வந்தது. நன்றாக வளரும் பிள்ளைக்கு உருண்டை கிடையாது, அது பெருமை என்று புரிய வைக்க நாளானது. ஆனால் மாதாமாதம் எடை போடப் போட, ஒரு விஷயம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நோஞ்சானாகத் தெரியாத பிள்ளையின் கோடும் கீழே இறங்கியது. பசி என்றால் அழுகை என்று நினைத்திருந்தோம். அழாமலே இளைக்கும் பிள்ளையைக் கண் கண்டுபிடிக்காது, தராசு கண்டுபிடிக்கும்.

அந்தத் திட்டம் நடந்த பகுதிகளில் மிகக் கடுமையாக மெலிந்த பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது என்று பிறகு வந்த மதிப்பீடுகள் சொல்லின. ஓரளவு மெலிந்த பிள்ளைகளிடம் மாற்றம் அவ்வளவு வேகமாக வரவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாதர் குழு செய்த வேலை

நம் கூட்டமைப்பின் மலரில் இந்தக் கதையை எழுதக் காரணம் இனி வருவதுதான். அந்தத் திட்டத்தில் ஊர் ஊருக்கு மாதர் குழு அமைத்தார்கள். வங்கிக் கணக்கு கிடையாது, கடன் கிடையாது, ஊக்குநர் பிரதிநிதி என்ற பெயர்கள் கிடையாது. எடை போடும் நாளில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைக் கூட்டி வருவது, வராத வீட்டில் ஏன் வரவில்லை என்று கேட்பது, மேலாகாரம் எப்படிக் கரைப்பது என்று செய்து காட்டுவது, பிரசவம் ஆன வீட்டில் சீம்பாலைக் கறந்து கீழே ஊற்ற விடாமல் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்வது, இதுதான் வேலை. சில இடங்களில் சத்து உருண்டைக்கான மாவையும் அந்தக் குழுக்களே தயாரித்தன.

நம் மாநிலத்தில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அதைத்தான் நாம் நம் ஆரம்பம் என்று சொல்கிறோம். ஆனால் அதற்கு முன்பே, பணத்தைத் தொடாமல் பிள்ளையின் எடையை வைத்துக் கூடிய பெண்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். அவர்களும் நமக்கு முன்னோடிகள்தான்.

சோறு மட்டும் செய்த வேலை இல்லை

உணவு ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. ஊருக்குள் ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, தடுப்பூசி வந்தது, பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது, குழாய்த் தண்ணீர் வந்தது, ரேஷன் அரிசி வந்தது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதால் கல்யாணம் தள்ளிப் போனது, பிரசவத்துக்கு நடுவே இடைவெளி வந்தது. 1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் தொடங்கியது. கர்ப்பமாக இருக்கும்போதும் பிள்ளை பெற்ற பிறகும் ஏழைத் தாய் கூலியை விட்டு வீட்டில் இருக்க முடிந்தால்தான் பிள்ளை தேறும் என்ற புத்தி அதில் இருந்தது. முதலில் 300 ரூபாய். 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் ஆனது.

எல்லாம் சேர்ந்துதான் பலன் கொடுத்தது. 1970-களின் தொடக்கத்தில் நம் மாநிலத்தில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூறு பேருக்கு மேல் ஒரு வயது முடியும் முன்பே இறந்தார்கள். 2020-இல் அது 13.

இன்றைய கணக்கு

அப்படியானால் வேலை முடிந்துவிட்டதா? முடியவில்லை.

2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லை. 15 பேருக்கு உயரத்துக்கேற்ற எடை இல்லை. ரத்தசோகை இருக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு 57. முந்தைய ஆய்வில் இது 51-ஆக இருந்தது, குறையாமல் கூடியிருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் உயரக் குறைவு நூற்றுக்கு 35-க்கும் மேல். அதைவிட நாம் மேல்தான். ஆனால் நாலில் ஒரு பிள்ளை என்றால், நம் குழு உறுப்பினர் வீடுகளிலும் அந்தப் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

இன்றைய சவலைக்கு முகம் மாறியிருக்கிறது. வீட்டில் அரிசி இருக்கிறது. ஆனால் பிள்ளை அழுதால் கையில் கொடுப்பது பாக்கெட் தின்பண்டம். வயிறு நிறைந்துவிடும், சத்து ஏறாது. சாயந்தரம் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அங்கன்வாடியில் வாங்கிய சத்துமாவு டப்பாவில் இருக்கும், சில வீட்டில் மாட்டுக்கும் போகும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை முட்டை, எத்தனை நாள் கீரை என்று கேட்டால் பதில் தயங்கி வரும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வாரத் தவணை, மாதத் தவணை என்று பல இடங்களில் கடன் வாங்கிய வீட்டில், தவணை நாளைக்குப் பணம் சேர்க்க, நாலு மாதப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் வேலைக்கு ஓடுகிறாள். கடன் நூறு சதவீதம் அடைகிறது. பிள்ளையின் கோடு கீழே இறங்குகிறது. முதல் கணக்கு நம் பேரேட்டில் வருகிறது, இரண்டாவது கணக்கு எங்கேயும் வருவதில்லை. பெண் முன்னேறினாள் என்று சொல்லும்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

நம் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம்

வாய்ப்புகள் இன்று நம் கைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசு தொடக்கப் பள்ளிகளில் உப்புமா, கிச்சடி, பொங்கல் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே ஆண்டு வந்த 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம், ஆறு மாதம்கூட ஆகாத மெலிந்த பிள்ளையின் தாய்க்கும் ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறது. கைப்பிள்ளைக்கு ஆகாரம் தாய்தான், அவளுக்குக் கொடுத்தால்தான் அதற்குப் போகும் என்று திட்டம் போடுகிறவர்களுக்கும் விளங்கியிருக்கிறது.

பணம் பெரிதாகச் செலவில்லாமல் ஒவ்வொரு குழுவும் செய்யக் கூடியது சில உண்டு.

மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "நம்ம குழுவுல மூணு வயசுக்குட்பட்ட புள்ளைங்க எத்தனை? இந்த மாசம் எல்லாருக்கும் எடை போட்டாச்சா?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். யார் பிள்ளை என்று பெயர் சொல்லிக் கூட்டத்தில் கூச வைக்க வேண்டாம். எண்ணிக்கை போதும். கோடு இறங்கிய வீட்டுக்கு இரண்டு பேர் தனியாகப் போய்ப் பேசினால் போதும்.

அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனம், அதற்கும் கீழே போனால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளையின் நடுக்கையில் நாடா சுற்றி 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆறு மாதம் முடிந்ததும் மேலாகாரம். கரண்டியைச் சாய்த்தால் ஓடாத பதத்தில் கேழ்வரகுக் கூழோ, பருப்புச் சாதமோ, ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ விட்டுப் பிசைந்து, முதலில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நாலு தடவை. இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடரட்டும். வயிற்றுப்போக்கு வந்தாலும் ஆகாரத்தையும் பாலையும் நிறுத்தக் கூடாது, உப்புச் சர்க்கரைக் கரைசலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பிள்ளை பெற்ற உறுப்பினருக்கு முதல் ஆறு மாதம் உள்கடன் தவணையைத் தள்ளி வைக்கலாமா என்று ஒவ்வொரு குழுவும் பேசிப் பார்க்கட்டும். நம் பணம், நம் குழு, நம் தீர்மானம். யார் அனுமதியும் தேவையில்லை.

ஓர் அணாச் சிற்றுண்டியில் தொடங்கியதற்கு நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அரசாங்கம் சோறு போட்டது, தராசு கொடுத்தது. ஆனால் எந்தக் காலத்திலும் வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து தராசில் வைத்தது பக்கத்து வீட்டுப் பெண்தான். அந்தப் பெண்ணின் இடத்தில் இன்றைக்கு நாம் இருக்கிறோம். அடுத்த கூட்டத்திலேயே அந்தப் பக்கத்தைத் திறப்போம்.